பெரட்டில் குறையாத ஆள்

ரூத் என்ற அந்த ஆங்கிலேயப் பெண்மணி இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் இரண்டு புகைப்படங்களும் ஓர் ஆளின் பெயரும் ஒரு தோட்டத்தின் பெயரும்தான் இருந்தன. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுடன் நின்ற அழகுமுத்துவிடம் அந்தப் பெயர்களைச் சொல்லி, இப்படி ஒருவரின் சொந்தக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அழகுமுத்துவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் இப்படிப்பட்ட காரியத்துக்கு யாரிடம் போக வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். நேராக யோகேஸ்வரி வீட்டுக்கு ஓட்டினான்.

யோகேஸ்வரி நீண்ட காலம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் சாட்சி சொன்னவர்களையும் சிங்களத்தில் சாட்சி சொன்னவர்களையும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவருடையது. பஜாரில் தம்பியின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் தனியாக வசித்தார். ஊரில் சிக்கலான விஷயம் எதுவானாலும் மாடிப்படி ஏறி அவரிடம் வருவது வழக்கமாகிவிட்டது. அப்படி வருகிறவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதிலும், கூடவே இருந்து முடிவைத் தெரிந்துகொள்வதிலும் அழகுமுத்துவுக்கு அலாதி ஆர்வம்.

ரூத் முதல் படத்தை மேசைமேல் வைத்தார். இங்கிலாந்தில் டெவன் பகுதிச் சிற்றூர் ஒன்றின் தேவாலய முற்றம். புல்லுக்கு நடுவே ஒரு கல்லறை. அதில் ஆங்கில எழுத்தில் ‘அம்மாக்கண்ணு’ என்று செதுக்கியிருந்தது.

“இவர் என் பாட்டி” என்றார் ரூத். “இந்தியாவும் இலங்கையும் சுதந்திரம் அடைவதற்குச் சற்று முன்னால், ஒரு தோட்டத்துரையின் குடும்பத்தோடு ஆயாவாகக் கப்பலேறி வந்தவர். அந்தக் குடும்பம் அவரை வெகுநாள் வைத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு பண்ணைக் கூலியாளைத் திருமணம் செய்தார். பால் கறந்தார், உருளைக்கிழங்கு தோண்டினார், ஊரார் துணி துவைத்தார். எங்கள் ஊரில் பாட்டன் முப்பாட்டன் கதை எல்லாருக்கும் இருக்கிறது. என் பாட்டிக்கு மட்டும் கப்பலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கேட்டால் ‘கல்மட்டம் தோட்டம்’ என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார்.”

இரண்டாவது படத்தில் இளம்பெண் ஒருத்தி, முழங்கைக்கு மேல் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

“அவர் பேசிய தமிழில் ஏதாவது நினைவிருக்கிறதா?” என்று யோகேஸ்வரி ஆங்கிலத்தில் கேட்டார்.

ரூத்தின் முகம் மலர்ந்தது. “ஒரே ஒரு சொல். எங்கள் வீட்டில் இன்றைக்கும் பாலைக் ‘கிரி’ என்றுதான் சொல்வோம். அப்புறம், கடைசி நேரத்தில் தன் பெயரைச் சொல்ல முயன்றார். ‘அம்மே… அம்மே…’ என்று தொடங்குவார். முழுப் பெயரும் வரவில்லை. அப்போது நான் பக்கத்தில் இருந்தேன்.”

“கிரியா? அது சிங்களமாச்சே அக்கா” என்றான் அழகுமுத்து.

“ஆமா.”

“நம்மாளுகளும் சிங்களம் கலந்துதானே பேசுறோம்.”

“பேசுறோம்” என்றார் யோகேஸ்வரி. படத்தை எடுத்து அந்தப் பெண்ணின் கைகளை உற்றுப் பார்த்தார்.

* * *

ஆளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. டிக்கோயாவைத் தாண்டி மலையேறும் கல்மட்டம் தேயிலைத் தோட்டத்தில் அம்மாக்கண்ணு என்ற பெயரைச் சொன்னதும் பெரியவர்கள் எல்லாரும் ஒரே லயத்தைத்தான் காட்டினார்கள். அந்த வரிசை வீடுகளின் கடைசி அறையில் அம்மாக்கண்ணுவின் மகள் ராசம்மா இருந்தார். எண்பது வயதைக் கடந்த மெலிந்த உருவம். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி நெற்றியில் தழும்பு விழுந்திருந்தது. மகன் ஜீவராஜ் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப்போட்டான்.

யோகேஸ்வரி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ராசம்மா கையை உயர்த்தினார்.

“அந்தப் பேர இந்த வாசல்ல சொல்லாதீங்க.”

“ஏங்கம்மா?”

“என்னைய விட்டுட்டுப் போனவ. அப்பன் ஏற்கெனவே செத்துட்டான். அத்தைக்காரிதான் வளத்தா. வெள்ளைக்காரனக் கட்டிக்கிட்டாளாம், பங்களாவுக்குச் சேதி வந்துச்சாம், சமையக்காரன் வந்து சொன்னான். லயமே சிரிச்சுச்சு. எனக்குப் பேசி முடிச்ச கலியாணம் நின்னுபோச்சு. ‘ஆத்தா ஓடுனா மகளும் ஓடுவா’ன்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னாங்க. அப்புறம் ரெண்டாந்தாரமாத்தான் போனேன்.”

ரூத்துக்கு மொழி புரியவில்லை. ஆனாலும் கண்கள் நிறைந்துவிட்டன. தன் பையிலிருந்து சிறிய கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினார். இதில் எச்சிலைச் சேர்த்து அனுப்பினால் இருவரும் ஒரே இரத்தம்தானா என்று உறுதியாகத் தெரிந்துவிடும் என்றார். யோகேஸ்வரி அதைத் தமிழில் சொன்னதும் ராசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவ வயித்துல பொறந்தேன்னு எச்சியத் துப்பி வேற காட்டணுமா? அதான் ஊரே சொல்லுதே.”

யோகேஸ்வரி வற்புறுத்தவில்லை. “உங்களுக்கு அவங்க முகம் ஞாபகம் இருக்காம்மா?”

“முகம் போயிருச்சு. கைதான் ஞாபகம். வலது கையில, உள்பக்கமா, தேள் பச்சை குத்தியிருந்தா. அதத் தடவிக்கிட்டேதான் நான் தூங்குவேன்.”

“அவங்க கிளம்பின அன்னைக்கு?”

“விடியக்காலையில பங்களா கார் வந்துச்சு. துரையும் துரைசாணியும் புள்ளைகளும் முன்னாடியே ஏறியிருந்தாங்க. இவ தகரப்பெட்டியப் பின்னால வச்சாங்க. பக்கத்துல மெனிகே ஏறுனா. கீழ சிங்களக் கிராமத்துலேருந்து பங்களாவுக்குத் துணி தைக்க வரும். கொழும்பு வரைக்கும் புள்ளைகளப் பாத்துக்கிட்டுத் திரும்பிரும்னு சொன்னாங்க.”

“மெனிகே திரும்பி வந்தாங்களா?”

“யாரு கண்டா? துரைதான் போயிட்டாரே. பங்களாவுல தைக்கறதுக்கு என்ன இருக்கு? அது ஊரோட இருந்திருக்கும். அன்னைக்குப் புடிச்ச மழை. ஒரு வாரமா விடவே இல்ல. நான் அழுதுக்கிட்டே கெடந்தேன்னு அத்தை சொல்லுவா.”

* * *

திரும்பும் வழியில், தோட்டத்துப் பாதையின் வளைவொன்றில், அழகுமுத்து ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கிக் கும்பிட்டான். ஓர் உயரமான கல். மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை சுற்றியிருந்தது. அதைச் சுற்றிலும் பிளாஸ்டிக் பொம்மைகள், துணிப் பொம்மைகள், மழையில் நிறம் வெளுத்த சிறு உருவங்கள்.

“ஊர் தெரியாத அம்மா” என்றான். “புள்ள வரம் கேட்டு வர்றவங்க பொம்மை வச்சுக் கும்பிடுவாங்க. என் சம்சாரம்கூட வச்சா. அடுத்த வருசமே பொண்ணு பொறந்துச்சு.”

யோகேஸ்வரி இறங்கினார். பூசை செய்யும் மாயாண்டி கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தன் தந்தையிடமிருந்து இந்தப் பூசையைப் பெற்றவர்.

“இந்த அம்மா எப்படி வந்தாங்க?”

“மண்ணுக்குள்ளேருந்துங்க” என்றார் மாயாண்டி. “வெள்ளைக்கார தொரை ஊருக்குக் கப்பலேறுன வாரம். பெரிய மழையில இந்தச் சரிவு அப்படியே பேந்து விழுந்து பாதைய மூடிருச்சு. வெயில் காலத்துல மண்ண அள்ளுனாங்க. எங்கப்பா அதுல வேலை செஞ்சவரு. அடியில ஒரு பொம்பள. எலும்பும் முடியும் வளையலுந்தான் மிச்சம். பக்கத்துல ஒரு தகரப்பெட்டி நசுங்கிக் கெடந்துச்சு. துணியோட துணியா ஒரு பீங்கான் பொம்மை. அதான் புள்ள ஆசையோட செத்த அம்மான்னு சொல்லி, இங்கயே பொதைச்சுக் கல்லு நட்டாங்க.”

“பீங்கான் பொம்மையா?”

“தலை மட்டும் இன்னும் இருக்கு.” கல்லுக்குப் பின்னாலிருந்து நசுங்கி நிமிர்த்திய தகரப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். கற்பூரம், திரி, தீப்பெட்டி. அவற்றுக்கு நடுவே, தங்க நிற முடி வரைந்த ஒரு சின்னஞ்சிறு வெள்ளை முகம்.

யோகேஸ்வரி அதைத் தொடவில்லை. “இந்தப் பாதை எங்கேயிருந்து எங்கே போகுது?”

“இப்பத்தான் ஆட்டோ வருது. அப்ப இது குறுக்குப்பாதை. கீழ ஸ்டேஷன் ரோட்டுலேருந்து நம்ம லயத்துக்கு ஏறுறது. வேற எங்கயும் போகாது.”

“அப்படின்னா லயத்து ஆள்தானே? யாரையாவது காணோம்னு தேடலையா?”

“தேடாம இருப்பாங்களா! சரிவு விழுந்த மறுநாளே கங்காணி எல்லாரையும் நிக்க வச்சுப் பேர் கூப்புட்டாராம். பெரட்டுல ஆள் குறையலிங்க. காலையில வேலைக்கு எண்ணுற எடத்துல ஒரு ஆள் குறைஞ்சாலும் தெரிஞ்சுருமே. பக்கத்துத் தோட்டத்துலயும் குறையல. அதனாலதான் ஊர் தெரியாத அம்மா.”

ஆட்டோவில் ஏறியதும் யோகேஸ்வரி ரூத்திடம் திரும்பினார். “உங்கள் பாட்டி இறந்தபின் உடலைக் கழுவியது யார்?”

“என் தாயும் நானும்.”

“கைகளில் ஏதாவது அடையாளம்? பச்சை குத்தியது போல?”

ரூத் யோசித்துத் தலையசைத்தார். “இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று இடது மணிக்கட்டில் இருந்தது. வேறொன்றும் இல்லை. பால் போலச் சுத்தமான கைகள் என்று என் தாய் அழுதது நினைவிருக்கிறது.”

யோகேஸ்வரி கண்களை மூடிக்கொண்டார். “முத்து, நாளைக்கு மறுபடியும் கல்மட்டம் போகணும். மாயாண்டியையும் லயத்துக்கு வரச் சொல்லுங்க.”

“கேஸ்தான் முடிஞ்சுருச்சே அக்கா. ஆளக் கண்டுபுடிச்சாச்சு.”

“இல்ல முத்து. நாம தப்பான ஆளைக் கண்டுபிடிச்சிருக்கோம்.”

* * *

மறுநாள் காலை மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. ராசம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜீவராஜ் கதவருகே நின்றான். ரூத்துக்கும் மாயாண்டிக்கும் நாற்காலி கிடைத்தது. அழகுமுத்து வாசற்படியில் குந்திக்கொண்டான். யோகேஸ்வரி ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் சொல்லி, அதை ரூத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நீதிமன்றத்தில் நின்றதுபோலவே நின்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“ராசம்மா, நான் சொல்றதக் கேட்டுட்டு, வேணாம்னா எங்களை எழுந்து போகச் சொல்லுங்க. இங்கிலாந்துல அம்மாக்கண்ணுங்கற பேர்ல வாழ்ந்து செத்தவங்க உங்க ஆத்தா இல்ல.”

அதையே ரூத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு யோகேஸ்வரி தொடர்ந்தார்.

“முதல்ல அவங்க பேசின சொல்லப் பாப்போம். அந்தம்மா பாலைக் ‘கிரி’ன்னு சொன்னாங்க. நாமளும் சிங்களச் சொல் கலந்து பேசுவோம்னு முத்து சொன்னாரு. நெசந்தான். ஆனா கடையில, ஆபீஸ்ல, பஸ்ல பழகுற சொல்லுதான் அப்படிக் கலக்கும். கைப்புள்ளைக்குக் குடுக்கற பாலுக்கு யாரும் கடன் வாங்கின சொல்லச் சொல்றதில்ல. தன் தாய் தனக்குச் சொன்னதத்தான் சொல்லுவாங்க.”

“ஒரு சொல்ல வச்சு எப்படிங்க அக்கா?” என்றான் அழகுமுத்து.

“ரெண்டாவது சொல்லும் இருக்கு. சாகும்போது ‘அம்மே’ன்னாங்களாம். தன் பேரைச் சொல்ல வந்தாங்கன்னு வீட்டுல நெனச்சாங்க. வலியில யாரும் தன் பேரைச் சொல்றதில்ல முத்து. தாயைத்தான் கூப்பிடுவாங்க. நாம கூப்பிட்டா அம்மா, இல்ல ஆத்தா. சிங்களத்துல கூப்பிட்டாத்தான் ‘அம்மே’. கோர்ட்டுல அடிபட்டவங்க கதறுறத ரெண்டு பாஷையிலயும் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன்.”

யோகேஸ்வரி பால் வாளிப் படத்தை ராசம்மாவின் மடியில் வைத்தார். “வலது கையப் பாருங்க. உள்பக்கம் வெளிச்சத்துல இருக்கு.”

ராசம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். “தேள் இல்லையே” என்றார் மெதுவாக.

“உடம்பைக் கழுவினவங்களும் இல்லைன்னுதான் சொல்றாங்க. பச்சை அழியாது. அன்னைக்குக் கார்ல ஏறினது ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தர் உங்க ஆத்தா. இன்னொருத்தர் மெனிகே. பயணத்துக்கு ஏற்பாடு செஞ்சதெல்லாம் அம்மாக்கண்ணுங்கற பேர்ல. ஸ்டேஷன்ல அம்மாக்கண்ணு ரயிலேற மாட்டேன்னு நின்னிருக்கணும். புள்ளைங்களோட கப்பலேற ஒரு ஆயா வேணும். துரைசாணி மெனிகேயை அந்தப் பேர்லயே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஆயாவோட முகத்த அந்தக் காலத்துல யாரு உத்துப் பாத்தாங்க? துரைசாணி சொன்னதுதான் பேரு. பின்னால சமையக்காரனுக்கு வந்த சேதியும் அந்தப் பேர்லதான் வந்துச்சு. மெனிகேயும் வாழ்நாள் பூரா வாயத் திறக்கல. நெசம் தெரிஞ்சா எங்க திருப்பி அனுப்பிருவாங்களோன்னு பயந்திருக்கலாம்.”

“அப்ப எங்க பாட்டி?” என்றான் ஜீவராஜ்.

யோகேஸ்வரி மாயாண்டியைப் பார்த்தார். “நேத்து நீங்க எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. பெரட்டுல ஆள் குறையலன்னு. அதனால அந்தக் கல்லுக்கு அடியில இருக்கற அம்மாவ வெளியூர்க்காரின்னு முடிவு பண்ணாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த வாரத்துல, செத்தாலும் பெரட்டுல குறையாத ஆள் இந்தத் தோட்டத்துல ஒருத்தர் இருந்தாங்க. இங்கிலாந்து போயிட்டாங்கன்னு கங்காணி ஏற்கெனவே பேரை எடுத்துட்ட ஆள்.”

மாயாண்டியின் கை தானாக எழுந்து மார்பில் குவிந்தது.

“சாதாரணக் கொழுந்துக்காரி பெட்டியில பீங்கான் பொம்மை எப்படி வரும்? பங்களாவுல புள்ள வளர்த்தவங்ககிட்டத்தான் அது இருக்கும்.”

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?” அழகுமுத்து எழுந்தே நின்றுவிட்டான். “சும்மா ஒரு தடவ மகளப் பாத்துட்டுப் போகலாம்னுகூட வந்திருக்கலாமில்ல? அப்புறமா கப்பலேறலாம்னு?”

“நானும் அதைத்தான் யோசிச்சேன். அதுக்குப் பதில் அந்தத் தகரப்பெட்டி. பார்த்துட்டுத் திரும்பிப் போறவங்க பெட்டிய ஸ்டேஷன்லயே விட்டுட்டு வருவாங்க. கொட்டுற மழையில, செங்குத்தான பாதையில, பெட்டியத் தலையில சுமந்துக்கிட்டு வர்றவங்க திரும்பிப் போறதுக்கு வரல. போகும்போது கார்ல போனாங்க. குறுக்குப்பாதையில நடந்தா அது ஏறி வர்றதுக்கு மட்டுந்தான். அந்தப் பாதை இந்த லயத்தத் தவிர வேற எங்கயும் போகாது.”

அவர் ராசம்மாவின் பக்கம் குனிந்தார். முதல்முறையாகக் குரல் சற்றே தணிந்தது.

“ஏன் மனசு மாறினாங்க, யாரு என்ன சொன்னாங்க, அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன். ஆனா உங்க ஆத்தா உங்கள விட்டுட்டுப் போகல. போன அன்னைக்கே திரும்பிட்டாங்க. உங்ககிட்டத்தான் வந்துக்கிட்டிருந்தாங்க. மண்ணுதான் வழியில மறிச்சிருச்சு.”

வெளியே எங்கோ கொழுந்துக்காரிகள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் பனிக்குள்ளிருந்து வந்தது. ராசம்மா படத்தைத் திருப்பி யோகேஸ்வரியிடம் நீட்டினார்.

“அம்மா” என்றான் ஜீவராஜ். “நான் பொறக்கறதுக்கு முன்னாடி நீங்களும் அந்தக் கல்லுக்கிட்ட பொம்மை வச்சு…”

ராசம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை.

ரூத் தன் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைப் பையில் போட்டு மூடினார். அந்த முதியவளோடு இரத்தத்தால் தனக்கு ஒன்றுமில்லை என்பது அவருக்கும் விளங்கிவிட்டது. உலகத்தின் பாதியைக் கடந்து வந்தவர் ஓர் உறவைக் கண்டு மறுநாளே இழந்திருந்தார். சிரமப்பட்டுக் கேட்டார்:

“மெனிகே என்பது முழுப் பெயரா?”

“இல்லை” என்றார் யோகேஸ்வரி ஆங்கிலத்தில். “கண்டிச் சிங்களப் பெண்களில் பலருக்கு அது பெயரின் பின்பாதி. முன்பாதியைக் கீழேயுள்ள கிராமங்களில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கிடைக்காமலும் போகலாம்.”

“அந்தக் கல்லறையில் பெயரை மாற்ற வேண்டும். இவருடைய தாயின் பெயரை நாங்கள் இத்தனை காலம் வைத்திருந்தோம். அதற்காக இவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.”

யோகேஸ்வரி சொன்னதைக் கேட்டுவிட்டு ராசம்மா ரூத்தின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அன்றுதான் முதன்முதலாக நேராகப் பார்த்தார்.

“அவங்க என்னங்க பண்ணுவாங்க? அவங்க பாட்டியும் பேரில்லாமத்தானே கெடந்துச்சு. மாத்த வேணாம்னு சொல்லுங்க. எங்காத்தா பேரு எங்கயாச்சும் ஒரு கல்லுல இருக்கட்டும். மெனிகே பேரையும் கீழ எழுதச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டுக் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். ஜீவராஜ் தாங்க வந்தான். அவர் கையை விலக்கிவிட்டுக் கொண்டையை அவிழ்த்தார். நரைத்த முடி தோளில் விழுந்தது.

“எங்கம்மா போறீங்க? வெளிய குளுருது.”

“பீலிக்கு.”

லயத்தின் கோடியில் மலைத்தண்ணீர் குழாய் வழியாக விழும் அந்தப் பீலி, வெயிலிலும் எலும்பைக் குத்தும்.

“இந்தக் குளுருல பச்சத்தண்ணியிலயா? நான் சுடுதண்ணி வச்சுத் தாறேன். கொஞ்சம் பொறுங்க.”

“சாவுச்சேதி கேட்டா தலை முழுகணும்டா” என்றார் ராசம்மா. “சுடுதண்ணி வச்சா முழுகுவாங்க? எங்காத்தா செத்த சேதி எனக்கு இப்பத்தான் வந்திருக்கு.”

அவர் வாசற்படியைத் தாண்டி நடந்தார். அடுத்தடுத்த அறைகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தலைவிரி கோலத்தில் அந்த வயதில் பீலிக்குப் போகிறவரைக் கண்டு ஒருத்தி, “யாரு செத்துட்டாங்க?” என்று பதறிக் கேட்டாள்.

ராசம்மா நிற்காமலே, லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“எங்காத்தா. அம்மாக்கண்ணு.”